செல்லும், செல்லாது

செய்தித்தாளில் கத்தரித்ததைத்தான்
நான் ஆட்டத்தில் வைப்பேன்.
சொந்தமாக ஒரு டிராகன்கூட எனக்கு வராது.

கிருனா. ஜனவரி. சூரியன் விடுப்பில்.
அடுத்த ஆண்டு இடிக்கப்போகிற கட்டடத்தின்
மூன்றாம் மாடி, வெள்ளி இரவு.
தூர்கெல் இரும்புச் சுரங்கத்தில் வெடிமருந்து நிரப்புகிறவன்;
என் மேசையில் இருட்டுக்குப் பயந்த திருடன்.
ஹப்தோம் பேருந்து ஓட்டுநர்;
இங்கே, கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாத பாதிரி.
குனில்லா எட்டடி அரக்கி.
மாரெத் யாராகவும் வரமாட்டேன் என்றாள்.
வரைபடம் மட்டும் வரைவாள்,
எந்த ஊரானாலும் ஓரமாக
பனிமான்கள் போகும் வழி ஒன்று போடுவாள்.

"துறைமுக நகரம்," என்று ஆரம்பித்தேன்.
"தொட்டி வெடிக்கிறது. தெருவில்
நாலாள் உயரத்துக்குப் பாகு அலை."
தூர்கெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்:
பாகா? கூடவே அப்பம் வருமா?
தாளை நகர்த்தினேன்.
பாஸ்டன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது,
இருபத்தோரு பேர்.
சிரிப்பு எங்கே போய் ஒட்டிக்கொண்டதோ.
"குதிரைகள்?" என்றாள் குனில்லா.
அவையும்.
அன்று முழுக்க அரக்கி
ஒரு குதிரையைத்தான் பாகிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.
பொக்கிஷம் கிடந்தபடி கிடந்தது.

மறு வாரம் கஜகஸ்தான்.
நடந்துகொண்டிருந்தவர் அப்படியே தூங்கிவிழும் கிராமம்.
விழித்தால் இரண்டு நாள் போயிருக்கும்,
சிலருக்கு அதற்கும் மேல். பூனைகூடத் தூங்கியதாம்.
சாபம் என்றான் பாதிரி. சூனியம் என்றான் திருடன்.
இருபது முகப் பகடை பதினொரு தடவை உருண்டும்
ஒருவரும் கண் திறக்கவில்லை.
கடைசியில் சொன்னேன்:
பக்கத்தில் கைவிட்ட யுரேனியச் சுரங்கம்,
அதிலிருந்து வந்த வாயு என்கிறார்கள் விசாரித்தவர்கள்.
தூர்கெல் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
சர்க்கரை போடாத காபி.
"எப்பவும் சுரங்கம்தானா," என்றான்
யாரையும் பார்க்காமல்.

பாதிரிக்கு ஒரு வீச்சு மிச்சம்.
வீசினான். பகடை உருண்டு
பிஸ்கட் தட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது,
எட்டுக்கும் இருபதுக்கும் நடுவே.
குனிந்து பார்த்தோம், நான்கு தலையும் முட்ட.
அப்போது மணி ஒன்றரை.

கீழே, வெகு கீழே, வெடி.
ஒவ்வொரு இரவும் வருவதுதான்.
தரை ஒருதரம் தோளைக் குலுக்கியது,
கரண்டிகள் பேசின,
பகடை விழுந்தது:
இருபது.

செல்லும் என்றான் ஹப்தோம்.
செல்லாது, மேசை ஆடியது என்றாள் குனில்லா.
"நான் வைத்த வெடி இல்லை,
என் முறை நாளைக்கு," என்றான் தூர்கெல்.
மாரெத் பென்சிலைக் கீழே வைத்தாள்.
"அந்த வெடியால் இந்த வீடே செல்லாமல் போச்சு.
பகடை மட்டும் செல்லாதா?"

நடுவர் நான். இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.
அந்தக் கிராமம் இன்னும்
பாதிக் கண் திறந்தபடி.

ஆகஸ்டில் எங்கள் மரத் தேவாலயத்தைச்
சக்கரங்களில் ஏற்றினார்கள்.
அறுநூற்றுச் சொச்சம் டன்,
மணிக்கு அரை கிலோமீட்டர், இரண்டு நாள்.
மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக ஊரே சாலையோரம்.
ஹப்தோமின் தடத்தை மாற்றிவிட்டிருந்தார்கள்.
"என் வழியில் இப்போது அவர் போகிறார்," என்றான்,
தொப்பியைக் கழற்றாமல்.
பிறகு கழற்றினான்.

மறுநாள் தாளில் முதல் பக்கம்.
கத்தரியை எடுத்தேன்.
படத்தின் மூலையில், கூட்டத்துக்குள்,
என் பச்சைக் கோட்டு.
வெட்டுகிற கோடு என் மேலேயே போனது.

தொலைவில் ஏதோ ஊரில், ஏதோ வெள்ளி இரவு,
யாரோ எங்களை மேசையில் வைப்பார்கள்:
தன் அடியைத் தானே தோண்டிய ஊர்,
தெருவில் நடந்துபோகும் கோயில்.
சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாங்களும் சிரித்தவர்கள்தான்.
ஒருத்தியாவது பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
"பனிமான்கள்?"
என்று கேட்டால் போதும்.